கிண்ணியாவுக்கு ஒரு திருத்தத்தோடு

திருகோணமலைக்குக் கடல் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். நான் இந்தப் பங்குனியில் போனது என் பிழையை ஒப்புக்கொள்ள. மரபணுக்களை இயக்குவதும் நிறுத்துவதும் சில புரதங்கள். டிஎன்ஏயில் குறித்த எழுத்து வரிசைகளில் ஒட்டிக்கொண்டு அவை அந்த வேலையைச் செய்கின்றன. மனித உடலில் அப்படி ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிடும் குழுவில் எனக்கு வேலை. இன்னும் சோதிக்காத புரதமென்றால், அதன் நெருங்கிய உறவுப் புரதத்தைப் பார்த்து எழுதி, பக்கத்தில் 'ஊகம்' என்று குறிக்க வேண்டும். ஓரிடத்தில் நான் அந்தக் குறிப்பைப் போடவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை.

கொழும்பிலிருந்து காலை ஆறு மணி பஸ். ஏறக்குறைய 260 கிலோமீட்டர், ஏழரை மணி நேரம், 1,150 ரூபாய். கந்தளாயில் தேநீருக்கு நிறுத்தினார்கள். வடை சூடாக இருந்தது. திருகோணமலை நகரின் ஓர்ஸ் ஹில்லில் அறை 4,500 ரூபாய். பையை வைத்துவிட்டு கிண்ணியாவுக்கு ஓட்டோ பிடித்தேன். 2,000 ரூபாய், முக்கால் மணி நேரம். "பாலத்தில நிப்பாட்டவா மிஸ்? எல்லாரும் படம் எடுக்கிறவங்க" என்றார் ஓட்டுநர். "வேண்டாம் அண்ணா, நேரே போவம்" என்றேன்.

நான் தேடிப் போனது பஸ்லியாவை. அவருடைய ஆறு வயது மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. பரிசோதனையில் மகளிடமும் தாயிடமும், நான் குறிப்புப் போடாமல் விட்ட அந்தப் புரதத்தில் ஒரே மாற்றம் தெரிந்தது. என் பதிவை நம்பிய ஒரு மருத்துவர், அதுதான் காரணம், தாயிடமிருந்து வந்தது, சிலரிடம் வெளிப்படாமலும் இருக்கும் என்று சொல்லிவிட்டார். இப்போது நேரடியாகச் சோதித்துவிட்டோம். அந்தப் புரதம் ஒட்டுகிற இடம் நான் எழுதியதல்ல, வேறு. அந்த மாற்றத்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

பஸ்லியா எனக்குக் கதிரை போட்டார், தான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப என்னால இல்லையா மிஸ்?"

"அந்த மாற்றத்தால இல்லை."

"வேற என்னத்தால?"

"தெரியாது. அடுத்த பிள்ளைக்கு வருமா எண்டும் இப்ப சொல்ல ஏலாது."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "மூணு வருஷமா இன்னொரு பிள்ளை வேணாமெண்டு இருந்தன்" என்றார் மெல்ல. "இவள்ட முகத்தப் பார்த்து மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தன்." எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் பட்டியலில் அது ஒரு கட்டம், அவ்வளவுதான். அந்த வீட்டில் அது மூன்று வருடம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியாவுக்கு பஸ் உண்டு, ஓட்டோவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். என்னைப் போல இப்படியான அலுவலாகப் போனால், அலுவலகக் கடிதத்தாளும் முத்திரையும் கொண்டு போங்கள். நான் கொண்டு போகவில்லை. நான் எழும்பும்போது பஸ்லியா மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "தெரியாதெண்டு எழுதித் தாங்க மிஸ். மாமிக்குக் காட்டணும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். தாயால் இல்லை என்பதை முதல் வரியில் எழுதச் சொல்லி, தாளைத் திருப்பித் தந்தார்.