தொட்டில்காரரின் ஸ்டீயரிங்

தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தொட்டில்காரர்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஏறின பிள்ளைகள் மூணாவது தெரு திரும்புவதற்குள் தூங்கிப் போகும், அப்படி ஒரு ஓட்டு. அந்த மனுஷனிடம்தான் வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளையின் அம்மா, "வண்டி கண்டபடி ஆடுதாமே, பாப்பா பயப்படுறா. சரி பண்ணுங்க, இல்லேன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவருக்கு. மறுத்துப் பேசவும் வழியில்லை. நாலு மாசமாக ஸ்டீயரிங் நடுங்கிக்கொண்டுதானே இருந்தது!

ஞாயிறு காலை வாசலிலேயே ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, கட்டை முட்டுக் கொடுத்தார். இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா? ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்குற தண்டு இது. இதோட மூட்டுதான் தேஞ்சுபோச்சு. உன் முட்டி மாதிரி."

"என் முட்டியை ஏன் இழுக்கறீங்க? அது பாட்டுக்கு இருக்கு" என்றாள் அவள்.

சக்கரத்தைக் கழற்றி, சுத்தியலால் ரெண்டு போடு போட்டதும் பழைய மூட்டு விட்டுக்கொடுத்தது. கழற்றும்போது சுற்றுகளை எண்ணினார். எத்தனை சுற்றில் பழசு வெளியே வந்ததோ அத்தனை சுற்றில், சனிக்கிழமையே வாங்கி வைத்திருந்த புதுசு உள்ளே போகணும். இல்லாவிட்டால் சக்கரம் ஆளுக்கொரு திசை பார்க்கும். பதினாலாவது சுற்றில் மனைவி, "காப்பி வேணுமா?" என்றாள். பேசாதே என்று கை காட்டினார். பதினேழு. புதுசும் பதினேழு. வலது பக்கத்தையும் விடவில்லை, அதற்கும் புதுசே போட்டார். அம்பத்தெட்டு வயசில் தரையில் மல்லாந்து கிடந்து இவ்வளவும் செய்வது லேசா?

கடைசி வேலைதான் படுத்தியது. நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதன் ஓட்டையில் ஒரு சின்னக் கம்பி கோக்கணும். முதல் தடவை கம்பி மண்ணில் விழுந்தது. ரெண்டாவது தடவையும் விழுந்தது. மூணாவது தடவை, "சனியன், ஓட்டையா போட்டிருக்கான்!" என்று கத்தினார். மனைவி குனிந்து, ஒரே தடவையில் கோத்துவிட்டாள்.

"கண்ணாடியை மாத்துங்க முதல்ல."

"ஆமா ஆமா, கண்ணுதான்" என்றார். வழக்கமாக இதற்கெல்லாம் சண்டைக்கு வருகிறவர் அவர்.

சக்கரத்தை மாட்டி, அகலமான ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார். வண்டியின் லொடலொடப்பு போயே போச்சு. ஸ்டீயரிங் மட்டும் நடுங்கியது.

டயர் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு ஆள் அனுப்பினார். மனைவியின் தம்பி அவன்; சக்கரத்தைப் பார்த்தே வியாதி சொல்லுவான். அவன் ஓட்ட, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், மனைவி பின்னால். இருபத்திரண்டு வருஷத்தில் சொந்த வண்டியில் அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. மச்சான் ஸ்டீயரிங்கை விட்டுக் கையைத் தூக்கினான். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

"வெண்ணெய் மாதிரி போகுது மாமா! இதுல என்ன குறை கண்டீங்க?"

"நடுங்குதுடா. நான் பிடிச்சா தெரியும், இடத்தை மாத்து."

ஓரமாக நிறுத்தி இடம் மாறினார்கள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நடுங்கியது.

"பாரு, பாரு! நான் சொல்லல?"

மச்சான் உள்ளங்கையை விரித்தான். சாவி அவன் கையில் இருந்தது. வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகவில்லை.

அவர் அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். இரண்டையும் மடியில் வைத்து ஒன்றை ஒன்றால் அழுத்திக்கொண்டார், அப்போதும் வலது கை நிற்கவில்லை. இத்தனை நாளும் பாவம், வண்டியைத் திட்டித் தீர்த்திருக்கிறார். பின் சீட்டில் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடி என்று தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"டாக்டரைப் பாக்கலாம் மாமா" என்றான் மச்சான்.

"பாக்கலாம்டா. நாளைக்குக் காலைல பதினோரு பிள்ளைங்க நிக்குமே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, பதினோரு வீட்டில் முதல் வீட்டுக்கு நம்பர் போடப் பார்த்தார். விரல் தப்புத் தப்பாக விழவே மனைவி வாங்கிப் போட்டுக்கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பேசிய அந்த அம்மாதான் எடுத்தாள்.

"அம்மா, நாளையிலேர்ந்து பாப்பாவுக்கு வேற வண்டி பாத்துக்குங்க."

"அடடா, நான் ஏதோ கோவத்துல சொன்னேங்க. வண்டி சரியாகலையா?"

"வண்டி நல்லாயிடுச்சும்மா" என்றார் தொட்டில்காரர்.