திறக்காத பதினொரு கடிதங்கள்

மொன்றியலில், வில்லரேப் பகுதியில், தபாலதிபரின் அறைக்குப் போகும் இரும்புப் படிகளில் இறங்கி, மேற்கே என் இருப்பிடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பெப்ரவரி மாதம், பின்னேரம் ஐந்து மணி. நடைபாதையில் பகல் முழுவதும் உருகிய பனி மறுபடியும் இறுகத் தொடங்கியிருந்தது. என் ஜாக்கெட் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அது அவருடைய வேலைக் கடிதம். இன்னார் எங்கள் நிறுவனத்தில் ஒழுங்காக வேலை செய்கிறார் என்று அடித்து முடித்து, கையொப்பம் மட்டும் வைக்காமல் விட்டிருந்தார்கள். அதன் பின்பக்கத்தில் பேனாவால் என்னுடைய புதிய லொக்கரின் எண் எழுதியிருந்தது. அதை அவரிடம் கொடுக்கத்தான் போனேன். கொடுக்காமலே திரும்பிக்கொண்டிருந்தேன்.

அவர் திருகோணமலைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருபத்திரண்டு வருடம் உப தபாலதிபராக இருந்தவர். பிறகு அந்தத் தொகுதி எம்.பி.க்குத் தன் ஆளொருவனை அந்தக் கதிரையில் இருத்தவேண்டியிருந்தது. ஒரு கடிதம் வந்தது, இவர் வீட்டுக்குப் போனார். மொன்றியலில் எங்களோடு வேலை செய்த தமிழர் எல்லோரும் அவரைப் போஸ்ட்மாஸ்டர் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். பாதிப்பேர் அதைக் கேலியாகச் சொன்னார்கள். அவர் கேலியை எடுத்துக்கொள்ளவில்லை. பதவியாகவே எடுத்துக்கொண்டார்.

நான் மட்டக்களப்பில் எட்டாம் வகுப்போடு நின்றவன். தோஹாவில் கொங்கிறீட் சுமந்தேன், பாங்கொக்கில் மீன் பெட்டி சுமந்தேன், பிரேசிலில் ஆறு மாதம் எதையும் சுமக்காமல் பட்டினி கிடந்தேன். மொன்றியலுக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில் ஏஜென்சிக்காரன் எங்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் இறக்கினான். பழைய காகிதங்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றும் இடம் அது. வைத்தியசாலைக் கோப்புகள், நகரசபை வரைபடங்கள், யாருக்கும் வேண்டாத பதிவேடுகள். நான் பின்கதவில் லொறியிலிருந்து பெட்டி இறக்குகிறவன். கதவு நாள் முழுவதும் திறந்திருக்கும். தபாலதிபர் உள்ளே, சுடுகாற்று வரும் குழாய்க்குக் கீழே, மேசையில் இருந்தார். மடிப்பை நீவி, துருப்பிடித்த ஊசியைக் கழற்றி, காகிதத்தைக் கமராவின் கீழ் வைத்து, இன்னார் இன்னாருக்கு எழுதியது என்று ஒரு வரி பதிவதுதான் அவர் வேலை. பழைய சரிந்த கையெழுத்தை அங்கே அவரைத் தவிர யாராலும் வாசிக்க முடியாது. கிறுக்கல் விலாசங்களை இருபத்திரண்டு வருடம் வாசித்த கண்.

அந்தக் குளிர்காலத்தில் வந்தவை ஒரு அமெரிக்க அரசியல்வாதியின் கடிதங்கள். எல்லைக்குத் தெற்கே, காரில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு சிற்றூர்க்காரர். நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட காகிதம். நாங்கள் அவரைச் செனட்டர் என்று சொல்லிக்கொண்டோம். போரைப் பற்றியோ அடிமைகளைப் பற்றியோ பெரிய பேச்சு எதுவும் அவற்றில் இல்லை. மர ஆலை, ஆற்றுத் தண்ணீர், பாலம், யாருக்கு எந்த உத்தியோகம், இவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு வேளையில் தபாலதிபர் தான் வாசித்தவற்றைச் சொல்லுவார். பக்கத்து ஆலை எரிந்த மறுநாளே செனட்டர் எழுதுகிறார், ஆலைக்காரன் இன்னும் தீயில் செத்தவர்களின் புதைகுழிக்கருகில்தான் நிற்கிறான், தண்ணீர் உரிமையை மலிவாகக் கேட்க இதுதான் நேரம் என்று. கூலியைக் குறைப்பதானால் பனி விழுந்து வழி அடைத்த பிறகு குறை, அதற்கு முன் குறைத்தால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று தன் ஆலை மேலாளருக்கு இன்னொன்று. நாங்கள் சிரித்தோம். எங்கள் வேலை மணித்தியாலங்களை ஏஜென்சி வெட்டியதும் ஜனவரியில்தான்.

ஆனால் கட்டுக்கட்டாக இருந்தவை தபால் நிலையத்தைப் பற்றிய கடிதங்கள். அந்தக் காலத்தில் அங்கே கட்சி மாறினால் தபாலதிபரும் மாறுவாராம். அதனால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் எழுதினார்கள். இப்போதுள்ள தபாலதிபர் நம் கட்சிக்காரன் இல்லை, குடிக்கிறான், என்னால் அந்த வேலையைச் செய்யமுடியும். அவனுக்கு இருமல், இந்தக் குளிரைத் தாண்டமாட்டான், என் பெயரை இப்போதே குறித்துவையுங்கள். தங்களை நீக்கவேண்டாம் என்று கெஞ்சியவர்களும் எழுதினார்கள். செனட்டர் அநேகமாகத் தனிக் காகிதத்தில் பதில் எழுதுவதில்லை. வந்த கடிதத்தின் பின்பக்கத்திலேயே இரண்டு சொல் எழுதி எழுத்தரிடம் எறிவார். தேர்தல்வரை வைத்திரு, பிறகு தூக்கு. கெஞ்சியவர்களின் கடிதங்களைத் தபாலதிபர் முன்பக்கம் மட்டும்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். பின்பக்கத்தை அவர் வாசிக்கும்போது நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம்.

பெட்டிகளில் மூடியபடியே சில கடிதங்களும் இருந்தன. சபை உறுப்பினர்கள் முத்திரை ஒட்டாமல் தங்கள் கையொப்பத்தில் தபால் அனுப்பலாம் என்று அப்போது ஒரு சலுகை. ஊர்ச் சனங்கள் தங்கள் கடிதத்தையும் அவரிடம் கொடுத்து, ஒரு கையொப்பம் போட்டு அனுப்பிவிடுங்கள் ஐயா என்றிருக்கிறார்கள். அவர் வாங்கி மேசையில் போட்டிருக்கிறார். அரக்கு உடையவில்லை. நிறுவனத்தின் விதி, மூடியவற்றையும் திறந்து படம் பிடிக்கவேண்டும் என்பது. தபாலதிபர் திறக்கவில்லை. பேந்து பாப்பம் என்று தன் மேசையின் இழுப்பு லாச்சியில் தள்ளிவைத்தார். கடிதம் இன்னும் போய்ச்சேரவில்லை, போய்ச்சேராத கடிதத்தைத் தபால்காரன் திறக்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் நியாயம்.

அப்படி மூடியிருந்த பன்னிரண்டு கடிதங்களில் ஒன்றில்தான் ஊரின் பெயர் தெளிவாக இருந்தது. ஒரு பெண்ணுக்கு எழுதியது. ஒரு மதியம் அவர் என்னைத் தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டிவரை கூட்டிக்கொண்டு போனார். புதிய உறை, புதிய முத்திரை. அந்த ஊரின் இப்போதைய தபாலதிபருக்கு என்று விலாசம். உள்ளே அந்தப் பழைய கடிதமும், தாமதத்துக்கு வருந்துகிறோம், உரியவரின் வாரிசிடம் சேர்ப்பிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டும் இருந்தன.

அவள் செத்து நூறு வருடமிருக்கும் அண்ணை என்றேன்.

“செத்தவைக்கு வந்த கடிதத்தையும் நாங்கள் வீட்டிலதான் குடுப்பம் தம்பி. பிள்ளை இருக்கும், பேரன் இருக்கும். கடிதம் எண்டா ஒராளுக்குப் போகவேணும். அலுமாரிக்கு ஆரும் எழுதிறேல்லை.”

பெட்டியின் வாயைத் திறந்து போட்டார். உள்ளே விழுந்ததா என்று கையை விட்டுத் தடவியும் பார்த்தார்.

அவருக்கு அந்த வேலை ஏன் வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். இருவரையும் கூப்பிட, மகளுக்கு இருபத்திரண்டு வயதாவதற்குமுன் மனுப் போட்டாகவேண்டும். அந்த வயது வந்துவிட்டால் மகள் கணக்கில் இல்லை, தாய் மட்டும்தான். வழக்கறிஞர் அம்மா நிலையான வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் கேட்டிருந்தார். மகளின் பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. சூப்பர்வைசர் வெள்ளிக்கிழமை கையொப்பம் வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

சூப்பர்வைசர் சென்னைப் பையன், என்னைவிடப் பத்து வயது இளையவன், கணினி படித்தவன். செவ்வாய்க்கிழமை அவன் பெட்டியை நூலகத்தின் பட்டியலோடு ஒப்பிட்டபோது ஒன்று குறைந்தது; மூடியவற்றில் விலாசம் தெளிவாக இருந்த அது மட்டும்தான் பட்டியலில் ஏறியிருந்தது. தபாலதிபர் அன்று வழக்கறிஞரிடம் போயிருந்தார். பையன் பின்கதவுக்கு வந்து, கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு என்னிடம் பேசினான். காகிதத்தின் சொந்தக்காரர்கள் ஒரு நூலகம், வெளியே தெரிந்தால் வேலையையே திருப்பி எடுத்துவிடுவார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தெரிந்தவர் யாராவது எழுத்தில் கொடுத்தால் ஒருவரோடு போய்விடும்.

“ரெண்டு லைன் போதும் அண்ணே. தமிழ்லயே எழுதுங்க, நான் பாத்துக்கறேன். அப்புறம் உள்ள ஒரு சீட் காலியாகும், இல்லையா?”

அவன் கண் சுடுகாற்றுக் குழாயின் பக்கம் போய் வந்தது. அன்று வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்து. நான் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பேனா இருக்கிறதா என்று கேட்டேன்.

லொறியின் படியில் உட்கார்ந்து எழுதினேன். அவர் கடிதத்தைத் தபாலில் போட்டதை நான் கண்டேன் என்பதோடு இரண்டு வரி முடிந்தது. தாளில் இன்னும் இடம் இருந்தது. யாரும் கேட்காத மூன்றாவது வரியை நான் எழுதினேன். மூடிய கடிதங்கள் இன்னும் பதினொன்றை அவர் லாச்சியில் ஒளித்து வைத்திருக்கிறார். ஒளித்து என்ற சொல் என்னுடையது. லாச்சிக்குப் பூட்டுக்கூட இல்லை. அந்தச் சொல்தான் அவரை முடித்தது. ஒன்று என்றால் கைமறதி, பன்னிரண்டு என்றால் களவு.

புதன்கிழமை காலை அவரைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். இதைச் சொல்லவேண்டும், பையன் அவருக்கு ஒரு வழி விட்டான். அந்த ஒன்று இயந்திரத்தில் சிக்கிக் கிழிந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள், மற்றதை மறதி என்று எழுதிவிடலாம் என்றான். கதவு சாத்தியிருக்கவில்லை. நாலு பேர் வெளியே நின்று கேட்டோம்.

“துலைக்கேல்லை. கிழியேல்லை. நான் அனுப்பினனான். போய்ச்சேரும்.”

“சார், நீங்க இங்க போஸ்ட்மாஸ்டர் இல்ல. டெம்ப்.”

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் நிற்பது சந்தேகமாக இருக்கும் என்று. தபாலதிபர் தன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பஸ் நிறுத்தம் வரை அவரோடு நடக்க ஒருவரும் கதவைத் தாண்டவில்லை. பையன் அவருடைய வேலைக் கடிதத்தை மேசையிலிருந்து எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் என் லொக்கர் எண்ணை எழுதி என்னிடம் நீட்டினான். காகிதத்தை வீணாக்க விரும்பாதவன்.

அவர் அனுப்பிய கடிதம் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. அந்த ஊர்க்காரர்கள் அது எந்த நூலகத்துடையது என்று விசாரித்து, திறக்காமல், நன்றி எழுதி, பாதுகாப்பாகச் சுற்றி நூலகத்துக்கே அனுப்பியிருந்தார்கள். நூலகத்தில் யாருக்கும் கோபம் இல்லையாம். ஒரு பெண்மணி அதைப் படித்துக் கண்கலங்கியதாகக்கூடப் பையன் சொன்னான். அதற்குள் தபாலதிபர் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தபோது ஏப்ரல் பிறந்துவிட்டது, மகளுக்கு வயதும் ஆகிவிட்டது. மனைவி மட்டும் இரண்டு வருடத்துக்குப் பின் வந்து சேர்ந்ததாகக் கேள்வி. அதற்குப் பிறகு நான் நாலு இடம் மாறிவிட்டேன். இப்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரிச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறேன். பெரிய நிம்மதி, இங்கே வாசிக்க ஒன்றும் இல்லை.

அந்தப் புதன்கிழமைப் பின்னேரம் நான் அவருடைய பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனேன். உருப்பெருக்கிக் கண்ணாடி, வெந்நீர்ப் போத்தல், ஒரு சோடிச் செருப்பு. அறையில் கட்டிலில் மனுவின் தாள்கள் வரிசையாகப் பரப்பியிருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஒட்டுத் துண்டு, ஒரு இடம் மட்டும் வெறுமை. ஜாக்கெட் பையில் இருந்த தாளை அங்கேயே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கையொப்பம் இல்லாத தாளால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்றும் நினைத்தேன். பின்பக்கத்து எண்ணை அவர் வாசிப்பார் என்பதுதான் உண்மையான காரணம். அவர் பின்பக்கத்தை வாசிக்காமல் விடுகிறவர் இல்லை.

தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆர் எழுதிக் குடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளைப் பையன் அவருக்குக் காட்டியிருந்தான்.

“நீ எழுதினதில பொய் ஒண்டும் இல்லைத்தானே தம்பி. பேந்து ஏன் என்ர முகத்தைப் பாக்காமல் நிக்கிறாய்?”

குளிர் அண்ணை, போகவேணும் என்றேன். அவர் கதவுவரை வந்து, படி வழுக்கும், கம்பியைப் பிடிச்சு இறங்கு என்றார். அதை அவர் சும்மா சொன்னார், வழக்கமாகச் சொல்கிறதுபோல. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் கம்பியைப் பிடிக்காமல் இறங்கி, மேற்கே நடந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏஜென்சியின் வானில் ஏறினேன். எட்டு மணிக்கு அவருடைய கதிரையில் இருந்தேன். அது எனக்கு உயரமாக இருந்தது, பிடியை இழுத்துப் பதித்தேன். சுடுகாற்று கழுத்தில் நேராக விழுந்தது. இந்த எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது என்று பையனிடம் சொன்னேன். வாசிக்கத் தேவையில்லை, திறந்தால் போதும் என்று சொல்லி, லாச்சியைத் தானே இழுத்துப் பதினொன்றையும் என் முன்னால் அடுக்கினான். ஒரு தட்டையான கத்தி கொடுத்தான். அரக்கு நான் நினைத்ததைவிட இலகுவாக விட்டது, காய்ந்த காயத்தின் பொருக்குப் போல. ஒன்றில் ஒரு சின்ன மயிர்ச்சுருள் இருந்தது, அதையும் கமராவின் கீழ் வைத்தேன். பத்தரை மணிக்குள் பதினொன்றும் முடிந்தன. அடுத்த பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.