கூம்புக் கல்லும் ஒன்பதரை அங்குலமும்

அன்பான விசுவாசிகளே, இதைப் பெருமைக்காக எழுதவில்லை. என் தப்பால் ஒரு மனிதரின் கால் போயிற்று.

1979-ல் சங்கரன்கோவிலில் ஓர் அரிசி ஆலையில் நானும் என் அக்காளின் கணவரான அத்தானும் ஃபிட்டர் வேலை பார்த்தோம். அரிசிக்குப் பாலிஷ் போடும் கூம்புக் கல் தேய்ந்துவிட்டது. தலை வெட்டின கூம்பு அது. கால் டன் எடை, ஒரே கட்டியாக வார்த்தது. இரண்டடி உயரம், அடிப்பக்கத்து அகலத்தில் பாதிதான் தலைப்பக்கம். கழற்றிப் படுக்க வைத்து, சரியாக நடுவில் சங்கிலி போட்டு, செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் தூக்கினேன். அகன்ற பக்கம்தான் கனம் என்று யோசிக்கவில்லை. கல் சாய்ந்து, சங்கிலியிலிருந்து உருவிக்கொண்டு, அத்தானின் தொடைமேல் விழுந்தது.

மறுபடி தூக்கித்தான் ஆக வேண்டும். அகன்ற பக்கம் சாய்ந்தால் அவர் வயிறு நசுங்கும், குறுகிய பக்கம் சாய்ந்தால் முழங்கால். அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. எங்கே கட்டினால் சாயாது என்பதற்கு எடை மையக் கணக்கு உண்டு; நானோ பாலிடெக்னிக்கில் அந்தப் பாடத்திலேயே இரண்டு தடவை பெயிலானவன். முழங்காலிட்டு அழுதேன். கர்த்தாவே, நான் மறந்ததை நீர் மறக்கவில்லையே என்றேன்.

அப்போது மனதில் ஒரு படம் வந்தது. வெட்டின தலையையும் சேர்த்து முழுக் கூம்பாக நினை, பிறகு தலையைக் கழி. முழுக் கூம்பின் எடை மையம் அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் இருக்கும். முழுசு எட்டுப் பங்கு, தலை ஒரு பங்கு. சுவரில் சாக்பீஸால் எழுதினேன்.

"கணக்குப் போடுத நேரமாலே இது?" என்று ஆலை மேஸ்திரி என் தோளைப் பிடித்து இழுத்தார்.

முழுசுக்கு எட்டுப் பன்னிரண்டு தொண்ணூற்றாறு, அதில் தலைக்கு முப்பதைக் கழித்து, மிச்சம் அறுபத்தாறை ஏழால் வகுத்தேன். அடியிலிருந்து ஏறக்குறைய ஒன்பதரை அங்குலம். முதலில் நான் கட்டியது பன்னிரண்டில்.

வழுக்காமல் இருக்கச் சாக்கைச் சுற்றி, அங்கே கட்டினோம். கல் எந்தப் பக்கமும் சாயாமல் எழும்பியது. ஸ்தோத்திரம், அத்தான் பிழைத்தார். ஆனால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் காலை எடுத்துவிட்டார்கள்.

சங்கிலி வழுக்கிவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தம்பியால்தான் என் தாலி தங்கியது என்று அக்காள் ஊரெல்லாம் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லப் பலம் தாரும் என்று ஏழு மாதம் ஜெபித்தேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், இருவரிடமும் சொல்லிவிட்டேன்.

அத்தான் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, "எனக்குத் தெரியும் மாப்ள, ரெண்டாவது நீ எடத்த மாத்திக் கட்டுனதப் பாத்தேம்லா. நீயா வந்து சொல்லணும்னு நானும் ஜெபம் பண்ணிக்கிட்டுல்லா இருந்தேன்" என்றார்.

அக்காள் மூன்று மாதம் என் முகத்தில் விழிக்கவில்லை. அதுவும் நியாயம்தான். இன்று ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

பிரியமானவர்களே, மறைத்து வைத்த தப்பு உங்களுக்கும் இருந்தால், இன்றைக்கே கர்த்தரிடம் பலம் கேளுங்கள். நீங்கள் வாய் திறப்பதற்காக உங்கள் வீட்டிலேயே ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கலாம்.