கைப்பிடியைத் தொட்டால் மலை கிடையாது

என் வீட்டுக்காரர் எலாடியோ, பூக்கோன் என்ற ஊரில் எரிமலை வழிகாட்டி. நான் நோல்ஃபா. அதே கம்பெனியில் பூட்ஸ் அறை என் பொறுப்பு. அவர் ஆட்களை உச்சிக்குக் கூட்டிப்போவார். அவர்கள் கழற்றிப் போடும் பூட்ஸில் கந்தக வாடையும் கால் நாற்றமும் போகும்வரை தேய்ப்பது என் பாடு. அலுத்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன்.

மலை ஏறுகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வந்து அளவு பார்க்க வேண்டும். பூட்ஸ், பனியில் வழுக்காமல் இருக்க அதன் அடியில் மாட்டும் இரும்பு முள், பனியில் ஊன்றக் கோடாலி, உச்சியில் புகைக்குப் போட முகமூடி. எல்லாம் ஆன பிறகு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பின்கட்டில் செங்குத்தாக ஒரு மரப்படி இருக்கிறது. பூட்ஸோடு அதில் இறங்கிக் காட்ட வேண்டும். கைப்பிடியைத் தொட்டால் மலை கிடையாது. ஏறும்போது ஆசை தூக்கிவிடும். பனியில் இறங்கும்போது முட்டிதான் தாங்க வேண்டும். அழுதாலும் கெஞ்சினாலும் அந்தப் படிக்கு நான்தான் நீதிபதி.

முதலில் வழிகாட்டி இறங்கிக் காட்டுவார். இந்தக் கோடை முழுக்க எலாடியோ அதை இன்னொரு வழிகாட்டியான யெர்கோவின் தலையில் கட்டிவிட்டார். "அவன் எறங்கட்டும், பொண்ணுங்க பாக்க அவன்தான் லாயக்கு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. படுக்கையில் முட்டிக்குத் தேய்க்கும் தைல வாடை வருவது எனக்குத்தானே தெரியும். கேட்டால், "உனக்கு மூக்குல கோளாறு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். நானும் விட்டுவிடுவேன். வழிகாட்டி வேலை போனால் வேன் ஓட்டத்தான் விடுவார்கள். மற்றவர்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டு, கீழேயே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவருக்கு உயிர் போய்விடும்.

நேற்று யெர்கோ பல் பிடுங்கப் போய்விட்டான். எலாடியோவே இறங்க வேண்டியதாயிற்று. நன்றாகத்தான் இறங்கினார். தரைக்கு முந்தின படியில் கை தானாக நீண்டு கைப்பிடியைப் பிடித்தது. பார்த்தேன். பார்க்காத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அது சாந்தியாகோவிலிருந்து வந்த ஃபாபியோலா என்ற டீச்சர். பாதியிலேயே பிடித்துவிட்டார்.

"நாளைக்கு நீங்க ஏரிக்கரையில உக்காந்து படகு பாருங்கம்மா," என்றேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. பூட்ஸைப் பார்த்தபடியே, "உங்க ஆளும்தான் பிடிச்சார்," என்றார்.

வந்திருந்தவர்கள் எல்லோரும் படியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். எலாடியோ சிரிக்கப் பார்த்தார்.

"படி ஈரமா இருக்கு, கெழவி."

"மழை பெஞ்சு ஒரு வாரம் ஆச்சு, கெழவா. திரும்ப எறங்கு."

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? இன்னொரு தடவை தொடாமல் இறங்கிவிடுவார் என்ற நப்பாசைதான். அவர் மேலே போனார். உச்சிப் படியில் நின்று கீழே பார்த்தார். முதல் காலை எடுத்து வைப்பதற்கு முன்பே கை கைப்பிடிக்குப் போய்விட்டது. அதைப் பிடித்தபடியே கடைசிவரை இறங்கி வந்தார்.

"பூட்ஸக் கழட்டு," என்றேன். டீச்சரிடம் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன். பாழாய்ப்போன வாய்க்கு வேறு குரல் தெரியவில்லை.

"நாளைக்கு இவங்கள யாரு கூட்டிட்டுப் போவா?"

"யெர்கோ போவான். பல்லு இல்லாமலும் நடக்கலாம்."

பெஞ்சில் டீச்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். குனிய முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து, காலை என் மடியில் இழுத்து வைத்தேன்.

"மெதுவா, நோல்ஃபா," என்றார். "வலிக்குது."

இந்தக் கோடை முழுக்க அவர் சொல்லாத வார்த்தை அது.