இரண்டில் ஒன்றை விடு!

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், யோங் பெங்கில் என் மகள் படிக்கும் பள்ளித் திடலில் நின்று ஆசிரியர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தேன். எதற்கு? பிள்ளை குதிப்பதற்கு!

யாழினிக்குப் பதினைந்து வயது. உயரம் தாண்டுவாள். பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பரும் அவள்தான். இரண்டு பயிற்சியும் ஒரே நாள், ஒரே நேரம். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை விடாவிட்டால் இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்காதாம். மூன்று நாளாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

உயரம் தாண்டப் பழக்கும் தேவன் சார் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நின்னா எப்படிம்மா?"

சும்மா விடுவேனா? அன்று காலையில்தான் போனில் படித்திருந்த ஓர் அயர்லாந்துக்காரரைப் பற்றி எடுத்துவிட்டேன். உயரம் தாண்டுவதில் பேர் போனவர். அவர்கள் ஊரில் ஆடும் 'கேயலிக்' கால்பந்திலும் சாம்பியன். அந்த ஆட்டத்தில் பந்தை எகிறிக் கையால் பிடிக்கலாம்... கம்பைத் தாண்டிய அதே கால்தானே அங்கேயும் எகிறியது?

"அயர்லாந்து வேற, யோங் பெங் வேற லா," என்றார் சார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் நின்ற யாழினியை இழுத்துக்கொண்டு திடலின் மறுகோடிக்கு நடந்தேன்.

"அலமாக்!" என்று பதறினார் கால்பந்து ஆசிரியை. யாழினி மாதிரி எகிறிப் பிடிக்க அணியில் வேறு ஆளே இல்லையாம், விட முடியாதாம். எல்லாம் மலாயில். அந்த எகிறலைப் பழக்கியது யார் டீச்சர் என்று கேட்டேன். கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார். பிறகு அவரே சாரிடம் நடந்து போனார்.

பத்தே நிமிடம். செவ்வாய் தாண்டுதல், வியாழன் பந்து. முடிந்தது!

இதற்கா மூன்று நாள் பட்டினி? இருவரும் ஒரே ஆசிரியர் அறையில் உட்காருகிறவர்கள். 'ஒன்றை விடு' என்று சொல்ல நமக்கெல்லாம் ஒரு நொடி போதும் — நேரத்தை மாற்றிப் போடத்தான் மனம் வருவதில்லை.

வெற்றியோடு காரைக் கிளப்பினேன்.

"அம்மா, ஓவிய கிளாஸ் இனி சனிக்கிழமை மூணு மணிக்காம்."

"அது நான் தூங்குற நேரமாச்சே! அதான் ரெண்டும் கிடைச்சிருச்சில்ல? ஓவியத்த விட்டுரு. ஆத்துல ஒரு கால், சேத்துல..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

யாழினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அயர்லாந்து வேற, நம்ம வீடு வேறயாம்மா?"

சனிக்கிழமை மூன்று மணிக்கு யாரும் என்னைத் தேடாதீர்கள் — ஓவிய வகுப்பு வாசலில், காருக்குள் உட்கார்ந்திருப்பேன்.