குளத்துக்கு வந்த சுவிட்ச்

அந்த எலக்ட்ரீஷியனுக்குத் தெரு வைத்த பெயர் ‘மெயின் ஆஃப்’. பல்பு மாற்றக் கூப்பிட்டாலும் வாசலிலேயே நின்று, “முதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க” என்பார். வயரில் டேப் சுற்றிய ஒட்டு கண்ணில் பட்டால் போச்சு. “எவன்யா இந்த வேலைய பாத்தது?” என்று ஆரம்பித்து வீட்டுக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவார்.

சொந்த வீட்டில் மட்டும் அந்தச் சட்டமெல்லாம் செருப்போடு வெளியே நின்றுவிடும். குளியலறை விளக்கு எரிய சுவிட்சை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். மனைவி கேட்டால், “வீட்டுக்குத்தானே, பாத்துக்கலாம்” என்பார்.

அவர் மனைவி பின்பக்கத் தோட்டத்தில் தானே மண்வெட்டி பிடித்து ஒரு சின்னக் குளம் வெட்டி, மீன் விட்டிருந்தாள். தண்ணீர் சுழல ஒரு மோட்டார் வேண்டும் என்று நச்சரித்தாள். இவர் இதோ அதோ என்று இழுத்தடித்தார். கடைசியில் அவள், “வேற எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டுக்கறேன்” என்றாள். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

தன் கடையில் அவசரமாகச் செய்து, வாடிக்கையாளருக்குக் கொடுக்க மனம் வராமல் ஒதுக்கிப்போட்ட எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிவந்து, பாலிதீன் பையைச் சுற்றிக் குளத்தோரம் வைத்தார். மோட்டார் வயர் நீளம் பற்றவில்லை. ஒரு துண்டு சேர்த்து டேப் ஒட்டினார். அந்த ஒட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. வீட்டுக்குத்தானே!

மறுநாள் காலையில் டீயோடு பின்வாசலுக்கு வந்தவர், மனைவி மண்டியிட்டு மோட்டாரில் சிக்கிய இலையை எடுக்கக் கை நீட்டுவதைப் பார்த்தார்.

“ஏய், கைய வைக்காத!”

“எதுக்கு இப்படிக் கத்தறீங்க? சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன். உங்க பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?”

மோட்டார் நின்றுதான் இருந்தது. ஆனாலும் தொழில் பழக்கம் சும்மா விடவில்லை. பெட்டியின் ஓட்டையில் டெஸ்டரை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவசரத்தில் சுவிட்சைக் கரண்ட் வரும் வயரில் கொடுக்காமல், திரும்பிப் போகும் வயரில் கொடுத்திருக்கிறார். ஆஃப் செய்தால் மோட்டார் நிற்கும். கரண்ட் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும் ஒட்டுவரை வந்து காத்திருக்கும். ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

விஷயத்தைக் கேட்ட மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னங்க, எவன்யா இந்த வேலைய பாத்ததுன்னு கேக்கலையா?”

“ஒரு முட்டாப்பய” என்றார். “நீ மட்டும் கைய வெச்சிருந்தா...”

அன்று கடையைத் திறக்கவில்லை. பள்ளம் தோண்டிக் குழாய் புதைத்து, அதற்குள் ஒட்டே இல்லாத புது வயரை இழுத்தார். மழை புகாத பெட்டி வைத்தார். எர்த் போட்டார். கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டையே அணைத்துவிடும் டிரிப் சுவிட்ச் ஒன்றை மாட்டி, “இந்த டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவ அழுத்திப் பாக்கணும். கரண்ட் போச்சுன்னா சுவிட்ச் நல்லா இருக்குன்னு அர்த்தம்” என்று மனைவியிடம் ஒப்படைத்தார்.

அவள் அழுத்துவதெல்லாம் அவருடைய ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தின்போதுதான். ஃபேன் நிற்கும். “வேலை செய்யுது!” என்று குரல் வரும். வேர்த்து வழிந்தாலும் மனிதர் வாய் திறக்க மாட்டார்.

ஒரு ஞாயிறு ஃபேன் நின்றது. குரல் வரவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். மனைவி டிரிப் சுவிட்ச் அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“சும்மாதான். ஓடி வர்றீங்களான்னு பாத்தேன்.”

அவர் திட்ட வாயெடுத்தார். ஆனால் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.