பேஜாருன்னு டைப் பண்ணா கமெண்ட் காணாம போயிடும்

இன்னைக்கு எங்க ஆபீஸ் கவுன்ட்டர்ல ஒருத்தர் வந்து நின்னார்...

சத்தமே போடாம இவ்ளோ கோவப்பட முடியும்னு இன்னைக்குத்தான் பாத்தேன்.

புதுசா ஃபாலோ பண்றவங்களுக்கு: திருவள்ளூர் பக்கம் ஒரு யூனிவர்சிட்டியோட பி.ஆர். ஆபீஸ்ல இருக்கேன். பிளாக் எழுதறது, பேஜ் பாத்துக்கறது, கமெண்ட்டுக்கு பதில் போடறது எல்லாம் அடியேன்தான். (எங்க வீட்ல இதுக்கு "நாள் முழுக்க போன் நோண்ற வேலை"ன்னு பேரு.)

வந்தவர் கும்மிடிப்பூண்டி கம்பெனி யூனிபார்மோட இருந்தார். ஷிப்ட் முடிச்சு நேரா பஸ் ஏறிட்டாராம். பக்கத்துல அவர் பொண்ணு தமிழ்ச்செல்வி.

"எம் பொண்ணு உங்க பேஜ்ல மூணு தபா கேட்டுக்கீது. ஒரு பதிலும் இல்ல. ஆபீஸ்ல ஆளு கீறாங்களான்னு பாத்துக்கினு போலாம்னு வந்தேன்."

எனக்கு சுருக்குன்னுச்சு. என் பேஜ்ல ஒரு கமெண்ட்டையும் நான் சும்மா விட்டதில்ல, வேற எதாவது காலேஜ் பேஜ்ல போட்டிருப்பாங்கன்னு கெத்தா சொன்னேன்.

தமிழ்ச்செல்வி போனை நீட்டினா.

எங்க பேஜ். என் போஸ்ட். கீழ அவ கமெண்ட்: "மேடம், ஸ்கூல்ல டிசி இன்னும் குடுக்கல. லேட்டானா சீட்டு போய்டுமா? ஒரே பேஜாரா கீது."

அதே போஸ்ட்டை என் கம்ப்யூட்டர்ல திறந்தா அந்த கமெண்ட்டே இல்ல!

டிசி குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் அட்மிஷன் செக்‌ஷனை மூடிட்டா அவ சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும்.

அப்பதான் மண்டைல உறைச்சுது. ஃபில்டர்.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல எங்க பி.ஆர்.ஓ. சார் கெட்ட வார்த்தை இருக்கற கமெண்ட்டையெல்லாம் மறைக்கச் சொன்னார். நான் லிஸ்ட் எழுதினேன். சார் கோயம்புத்தூர்க்காரர். ஏதோ ஒரு கமெண்ட்டைப் பாத்துட்டு, "இந்த பேஜாருங்கறதும் அந்த மாதிரிதானுங்களே?"ன்னு கேட்டார்.

ஊத்துக்கோட்டைல பொறந்து வளந்தவ நான். தொல்லை, கவலைன்னுதான் சார் அர்த்தம், எங்க வீட்ல தினமும் பத்து தடவை சொல்வோம்னு சொல்லியிருக்கணும்.

லோக்கல்னு நெனச்சிடுவாரோன்னு வெக்கம். தலையாட்டிட்டு அதையும் சேத்துட்டேன்.

அந்த வார்த்தை இருந்தா கமெண்ட் போட்டவங்க கண்ணுக்கு மட்டும் தெரியும். எனக்கு வராம ஒரு ஃபோல்டர்ல போய் உக்காந்துக்கும். திறந்து பாத்தேன். தமிழ்ச்செல்வி மூணு தடவையும் பேஜாருன்னு எழுதி, மூணும் அங்கதான் கெடந்துச்சு. செவ்வாப்பேட்டைல காலேஜ் பஸ் நிக்குமான்னு ஒருத்தர். பொண்ணை ஹாஸ்டல்ல விட பயமா இருக்குன்னு திருவாலங்காட்டுல இருந்து ஒரு அம்மா. கவலையோட வந்தவங்களா பாத்து பொறுக்கி மறைச்சு வச்சிருக்கேன்.

அசிங்கமா இருந்துச்சுங்க.

தமிழ்ச்செல்வியோட மூணு கமெண்ட்டையும் தேதியோட பிரின்ட் எடுத்தேன். பொண்ணு முன்னாடியே கேட்டுச்சு, பதில் சொல்லாதது நம்ம தப்புன்னு எழுதி கையெழுத்துப் போட்டு, ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு, ஃபில்டர்ல நான் பண்ண வேலையைச் சொல்லிக்கிட்டே அட்மிஷன் செக்‌ஷனுக்கு ஓடினேன். (லிஃப்ட் வேலை செய்யல. அது தனி போஸ்ட்டுக்கான மேட்டர்.)

ஆபீசர் ரெண்டு தடவை படிச்சார். டிசி வந்ததும் தர்றேன்னு தமிழ்ச்செல்விகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு சீட்டை கன்ஃபார்ம் பண்ணிட்டார்.

வெளிய வந்ததும் அவங்கப்பா கேட்டார்.

"இன்னாம்மா, நீ எந்த ஊரு?"

"ஊத்துக்கோட்டைங்க."

"அப்ப அந்த வார்த்த உனுக்குத் தெரியும்ல?"

தெரியும்ங்கன்னு ஒத்துக்கிட்டு, இன்னைக்கே பேஜ்ல பதில் போட்றேன்னு தமிழ்ச்செல்விகிட்ட சொல்லிட்டு வந்தேன்.

பி.ஆர்.ஓ. சார்கிட்டயும் எல்லாத்தையும் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே"ன்னார். நியாயம்தான்.

என் எடத்துக்கு வந்து, மறைஞ்சிருந்த கமெண்ட் ஒவ்வொண்ணுக்கும் பதில் போட்டேன். தமிழ்ச்செல்விக்கு மட்டும் ஆசையா என் சொந்த ஐடில இருந்து எழுதினேன்: "சீட்டு கன்ஃபார்ம் ஆயிடுச்சும்மா. இனிமே இன்னா பேஜாரு?"

கொஞ்ச நேரத்துல ஆபீஸ் நம்பருக்கு அவளே கூப்ட்டா. "அக்கா, பதில் போட்றேன்னு சொன்னீங்களே, ஒண்ணும் வரலியே?"

(ஃபில்டர்ல இருந்து அந்த வார்த்தையை இன்னும் எடுக்கல!)

இப்ப எடுத்தாச்சு. வாய்ல எப்படி வருதோ அப்படியே வந்து கேளுங்க.

ஆமா, நீங்க வெக்கப்பட்டு மறைச்ச உங்க ஊர் வார்த்தை எது?